மலைநாட்டில் மாட்டிறைச்சி ஏன் வேக மறுக்கிறது? மெத்தென்று குழம்பு வைப்பது எப்படி?

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சிக் குழம்பு வைக்கிறேன், இரண்டு மணித்தியாலம் அடுப்பில் கிடந்தாலும் ரப்பர் மாதிரியே இருக்கிறது, குழம்பு தண்ணியாக ஓடுகிறது, மாமிக்குப் பல் சரியில்லை, பிள்ளைகள் மென்று மென்று துப்பிவிடுகிறார்கள், பப்பாசிக்காய் போட்டால் சரிவருமா, குக்கரில் எத்தனை விசில் விடவேண்டும்?

பப்பாசிக்கும் விசிலுக்கும் அப்புறம் வருகிறேன் தங்கச்சி. அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லவேண்டும். நீங்கள் இருக்கிற இடத்தில் தண்ணீர் நூறு பாகையில் கொதிப்பதில்லை. தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட 96 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். நான் இருக்கிற நுவரெலியாவில் 94 பாகைதான். 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த சட்டியில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர் வேகமாக வற்றும், அவ்வளவுதான். நான் பிறந்து வளர்ந்தது கம்பளையில், அங்கே உம்மா ஒன்றரை மணித்தியாலத்தில் இறக்கிய அதே இறைச்சி நுவரெலியாவில் இரண்டேகால், இரண்டரை மணித்தியாலம் கேட்கிறது. கொழும்பில் இருப்பவர் எழுதிய சமையல் குறிப்பை நேரம் பார்த்துச் செய்தால் மலையில் சரிவராமல் போவது இதனால்தான், உங்கள் கையில் பிழை இல்லை.

ஆனால் உயரம் ஒரு பாதிக் காரணம்தான். மற்றப் பாதி கடையில் இருக்கிறது.

நம்முடைய இறைச்சிக் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் இறைச்சிக்கென்றே வளர்த்த இளங்கன்று இல்லை. பால் வற்றிய பசு, வேலை செய்து ஓய்ந்த மாடு, சில நேரம் எருமை. வயது ஏற ஏற மாட்டின் சதைக்குள் ஓடுகிற வெள்ளைச் சவ்வு, அதாவது கொலாஜன், தனக்குள்ளேயே முடிச்சுப் போட்டுக்கொண்டு இறுகிவிடும். அந்தச் சவ்வுதான் பல்லில் இழுபடுகிறது. அதை உடைக்க மசாலாவால் முடியாது, நேரமும் ஈரச் சூடும்தான் வேண்டும். 70 பாகைக்கு மேல் நீண்ட நேரம் ஈரத்தில் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறும், குழம்புக்கு வழவழப்பும் கனமும் கொடுப்பது அதுதான். சூடு கூடக்கூட இது வேகமாக நடக்கும், அதனால்தான் நாலு பாகை குறைவதுகூட அரை மணித்தியால வித்தியாசமாக வந்து நிற்கிறது.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எலும்பில்லாமல், கொழுப்பில்லாமல், சவ்வில்லாமல் பின் தொடையிலிருந்து நல்ல சிவப்பாக ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போகிறார்கள், விலையும் கூட. அதில் கரைவதற்குச் சவ்வு மிகக் குறைவு, ஆகவே இரண்டு மணித்தியாலம் வேகவைத்தால் நாரிலிருந்த தண்ணீர் எல்லாம் பிழிந்து வெளியே வந்துவிட்டு, காய்ந்த நார் மட்டும் மிஞ்சும். குழம்புக்குள்ளேயே கிடந்தும் வாயில் வறட்டு வறட்டென்று இருக்கும். அந்தத் துண்டு மெல்லிசாக அரிந்து பிரட்டல் செய்யத்தான் நல்லது. குழம்புக்கு வேண்டியது மாடு நிறைய வேலை வாங்கிய இடங்கள்: முழங்காலுக்குக் கீழே இருக்கிற சதை, நெஞ்சுப் பகுதி, கழுத்தும் தோளும் சேருகிற இடம். கூட நல்லி எலும்பு ஒன்று கேட்டு வாங்குங்கள். இந்தச் சதையை வெட்டிப் பார்த்தால் நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடும், சிலர் அதைப் பார்த்ததும் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள். தள்ளாதீர்கள், உங்கள் மாமி பல் இல்லாமல் சாப்பிடப்போவது அந்தக் கோட்டைத்தான்.

கடை நானாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள்: சின்னதாகக் கொத்தவேண்டாம். அவர்கள் பழக்கத்தில் கத்தியை வைத்துத் தடதடவென்று சுண்டுவிரல் அளவுக்குக் கொத்தித் தந்துவிடுவார்கள், எலும்புச் சிராய்கள் வேறு கலந்துவிடும், பிள்ளைகளுக்கு ஆபத்து. முழுத் துண்டாக வாங்கி வந்து வீட்டிலேயே நெருப்புப்பெட்டி அளவுக்கு, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கையால் இழுத்துப் பார்த்தாலே தெரியும். பெரிய துண்டு வேக நேரம் எடுக்கும் என்று நினைக்கவேண்டாம், சவ்வு கரைகிற நேரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், சின்னத் துண்டு அதற்குள் சாறெல்லாம் விட்டுச் சுருங்கிவிடும்.

காலையில் அறுத்ததைக் காலையிலேயே வாங்கிப் பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றுவதும் ஒரு காரணம். அறுத்துச் சில மணித்தியாலத்தில் சதை விறைக்கத் தொடங்கும், அந்த விறைப்பு முழுதாகத் தளர ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கும். புதுசு என்று ஆசைப்பட்டு வாங்குகிறோம், அது விறைத்த நேரத்தில் சட்டிக்குள் போகிறது. சனிக்கிழமை வாங்கி, கழுவாமல், வெட்டாமல், எலும்போடு முழுத் துண்டாக ஒரு பாத்திரத்தில் மூடி பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து ஞாயிறு சமைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். போயா தினத்தில் இறைச்சிக் கடை பூட்டு என்பதால் முதல் நாளே வாங்கி வைக்கிற இறைச்சி சில நேரம் நன்றாக வந்திருக்குமே, அதற்கு இதுதான் காரணம். ஆனால் அன்று அறுத்ததை வாங்கிய கையோடு சின்னதாக வெட்டி ஃப்ரீசரில் போட்டுவிடாதீர்கள். விறைப்பு வருவதற்கு முன் கடும் குளிர் பட்டால் சதை இறுகிச் சுருங்கிவிடும், பிறகு என்ன செய்தாலும் அந்த இறுக்கம் முழுதாகப் போகாது.

சரி, இனிச் சட்டிக்கு வருவோம். எலும்போடு ஒரு கிலோ, ஐந்தாறு பேருக்குப் போதும்.

இறைச்சியை ஊறவைத்துக் கழுவவேண்டாம், ஒரு அலசு அலசி வடிதட்டில் போட்டு நீர் சொட்டுவது நிற்கும்வரை விடுங்கள். தண்ணிக் குழம்பு பாதி இங்கேதான் தொடங்குகிறது. பிறகு உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, வினாகிரி ஒரு மேசைக்கரண்டி, இடித்த இஞ்சி ஒரு பெருவிரல் அளவு, வெள்ளைப்பூண்டு எட்டுப் பத்துப் பல், வறுத்து அரைத்த கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்று அல்லது ஒன்றரை மேசைக்கரண்டி. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் மிளகாய்த்தூளை ஒன்றோடு நிறுத்தி மிளகைக் கொஞ்சம் கூட்டுங்கள், குளிருக்கும் இதம். கையால் பிசறி ஒரு மணித்தியாலம் மூடி வையுங்கள். உப்பைக் கடைசியில் போட்டால்தான் இறைச்சி வேகும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்பவேண்டாம். முதலே போட்ட உப்பு சதைக்குள் இறங்கித் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

கறித்தூள் பற்றி ஒரு வார்த்தை. மாட்டிறைச்சிக்கு வறுக்காத கறித்தூள் சரிப்படாது, பச்சை மல்லி வாடை நிற்கும். மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், கொஞ்சம் மிளகு, கறுவா, ஏலம், கராம்பு, கறிவேப்பிலை இவற்றை மல்லி கோப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்வரை சிறுதீயில் வறுத்து ஆறவிட்டு அரையுங்கள். பெருஞ்சீரகம் சீக்கிரம் கருகும், அதைக் கடைசியில் போடவேண்டும். அடுப்படியில் நின்று செய்யவேண்டிய வேலை இது, போன் வந்தால் தூக்கவேண்டாம்.

கனமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, கறுவா ஒரு துண்டு, ஏலம் நாலு, கராம்பு நாலு, ரம்பை ஒரு துண்டு, கறிவேப்பிலை ஒரு நெட்டு. பிறகு சின்ன வெங்காயம் ஒரு பெரிய பிடி, இல்லையென்றால் இரண்டு பெரிய வெங்காயம், பொடியாக அரிந்து பொன்னிறம் தாண்டிச் சிவக்கும்வரை வதக்குங்கள். பொறுமை இல்லாமல் கண்ணாடி நிறத்திலேயே நிறுத்துகிறவர்கள்தான் பிறகு குழம்பு கெட்டியாக வரவில்லை என்று சோளமா கரைத்து ஊற்றுவது. சிவந்த வெங்காயம் வேகிற வேகில் கரைந்து மறைந்துவிடும், கெட்டியும் இனிப்பும் அதிலிருந்து வரும்.

இனி இறைச்சியைப் போட்டு ஐந்து நிமிடம் பிரட்டிவிட்டு, தண்ணீர் ஒரு சொட்டும் விடாமல், மூடியைப் போட்டுத் தீயைக் குறைத்துவிடுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்பது. இருபது நிமிடம் கழித்துத் திறந்தால் நீங்கள் ஒன்றும் ஊற்றாமலேயே துண்டுகள் பாதி முங்குகிற அளவுக்குச் சாறு நிற்கும், அது இறைச்சி விட்ட தண்ணீர். தொடக்கத்திலேயே இரண்டு கோப்பை தண்ணீரும் ஊற்றி, இதுவும் சேர்ந்தால் குழம்பு ஓடாமல் என்ன செய்யும்? அந்தச் சாற்றிலேயே இன்னும் ஒரு பதினைந்து நிமிடம் விட்டு, அது பாதியாக வற்றி ஓரத்தில் எண்ணெய் தெளியத் தொடங்கும்போது, கப்பிப் பாலோ, அதாவது தேங்காயை இரண்டாம் முறை பிழிந்த தண்ணிப் பாலோ, இல்லாவிட்டால் கொதிக்கிற தண்ணீரோ ஒன்றரைக் கோப்பை விடுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் சட்டி ஆறி மறுபடி சூடேறவே நேரம் போகும்.

இதற்குப் பிறகு தளதளவென்று கொதிக்கவிடக்கூடாது. மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும். பேய்க்கொதி கொதித்தால் நார் இறுகிச் சாறு பிழிந்துவிடும், தண்ணீரும் வற்றிப்போய் நீங்கள் ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். மூடி இறுக்கமாக இருக்கட்டும், அலுமினியச் சட்டியின் லேசான மூடி என்றால் மேலே அம்மிக் குழவியையோ கல்லையோ வையுங்கள். விறகு அடுப்பில் சமைப்பவர்களுக்கு: கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரித்த காய்ந்த குச்சி, பற்றவைக்கத்தான் நல்லது, குப்பென்று எரிந்து சட்டென்று அடங்கும். வெங்காயம் வதக்கும்வரை மிலாறு, அப்புறம் ஒரு தடித்த கட்டையைச் சொருகித் தணலில் விட்டுவிடுங்கள். உண்மையில் இந்த இறைச்சிக்குத் தணலைப்போல நல்லது எதுவும் இல்லை, காஸ் அடுப்பில் அந்தச் சிறுதீயைப் பிடிக்கத்தான் நாம் கஷ்டப்படுகிறோம்.

எப்போது வெந்தது என்று கடிகாரம் சொல்லாது. ஒன்றரை மணித்தியாலம் ஆனதும் சவ்வுள்ள ஒரு துண்டை எடுத்து முள்ளுக்கரண்டியால் குத்துங்கள். வெள்ளையாக இருந்த கோடு வெள்ளையாகவே இருந்து, துண்டு கரண்டியோடு சேர்ந்து மேலே வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அந்தக் கோடு கண்ணாடி போலாகி, குத்திய கரண்டியிலிருந்து துண்டு தானாக வழுக்கி விழுந்தால் அடுப்பை நிறுத்தலாம். இடையில் ஒரு கட்டத்தில் இறைச்சி முன்பைவிட இறுகியதாகத் தெரியும், சுருங்கிப்போய் நிற்கும். நிறையப் பேர் அந்த இடத்தில் மனம் விட்டு, இது கிழட்டு மாடு, வேகாது என்று இறக்கிவிடுகிறார்கள். உங்கள் இரண்டு மணித்தியாலமும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நின்றுபோயிருக்கும். நார் இறுகுவது முதலில் நடக்கும், சவ்வு கரைவது பிறகுதான் நடக்கும். இன்னும் ஒரு முக்கால் மணித்தியாலம் விடுங்கள்.

குக்கர் இருந்தால் மலையில் அதைவிட நல்ல துணை இல்லை. வெளியே தண்ணீர் 94இல் கொதித்தாலும் 96இல் கொதித்தாலும், வெயிட் சரியாக உட்கார்ந்த குக்கருக்குள் சூடு 115 பாகைக்கு மேல் போகும், ஆகவே உயரத்தின் பிரச்சினை ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகிறது. விசில் எண்ணாதீர்கள். தீ கூடினால் பத்து நிமிடத்தில் எட்டு விசில் வரும், குறைந்தால் இரண்டு வரும், குக்கருக்குக் குக்கரும் மாறும். முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து அங்கிருந்து நிமிடம் பாருங்கள்: கழுத்து, தோள் என்றால் இருபது இருபத்தைந்து நிமிடம், கால் சதையும் நெஞ்சும் முப்பது முப்பத்தைந்து நிமிடம். தண்ணீர் ஒரு கோப்பைக்குக் குறையக்கூடாது, குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பவும் கூடாது. அடுப்பை நிறுத்திய பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள், குழாயடியில் பிடிக்கவும் வேண்டாம். அழுத்தம் சட்டென்று இறங்கினால் துண்டுக்குள் இருக்கிற தண்ணீர் உள்ளேயே கொதித்து வெளியே பாயும், இறைச்சி நார்நாராகக் காய்ந்துவிடும். தானாக அடங்க ஒரு பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு திறந்து, மூடாமல் சிறுதீயில் பத்து நிமிடம் வற்றவைத்தால் குழம்பு கூடிவரும்.

பப்பாசிக்காய் கேட்டீர்கள். அதில் இருக்கிற பப்பெயின் சதை நாரை அறுப்பது உண்மைதான், பிரட்டலுக்கும் சுடுவதற்கும் நான் போடுவேன். ஆனால் அது பட்ட இடத்தில்தான் வேலை செய்யும், துண்டின் வெளிப்புறம் மாவாகக் குழைந்து உள்ளே பழையபடி இருக்கும். சட்டி நன்றாகச் சூடேறியதும் அதன் சக்தியும் போய்விடும். இரண்டு மணித்தியாலம் வேகப்போகிற குழம்புக்கு அது தேவையே இல்லை. அவசரமாக வேண்டுமென்றால் ஒரு கிலோவுக்குத் துருவிய காய் ஒரு மேசைக்கரண்டி, அரை மணித்தியாலம், அதற்கு மேல் ஊறவேண்டாம். அப்பச்சோடா போடுகிறவர்களும் உண்டு, சவர்க்கார வாடை வரும், குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுகிற குழம்பில் அது எதற்கு?

உருளைக்கிழங்கு போடுவதாக இருந்தால், அதுவும் வெலிமடைக் கிழங்கு கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு போடாமல் இருக்க முடியாது, பெரிய துண்டுகளாக வெட்டிக் கடைசி அரை மணித்தியாலத்தில் சேருங்கள். குக்கர் என்றால் திறந்த பிறகு சேர்த்து மூடாமல் வேகவிடுங்கள். தக்காளியோ கொறுக்காயோ நிறையப் போட்ட குழம்பில் கிழங்கு எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும், புளிப்பு அதை வேகவிடாது. புளிப்பு வேண்டுமென்றால் இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள்.

முதல் பால் கடைசியில்தான். இறைச்சி வெந்து, கிழங்கும் வெந்தபிறகு, முக்கால் கோப்பை கெட்டிப் பாலை விட்டு, மூடாமல், கரண்டியை நிறுத்தாமல் ஒரு கொதி வருவதற்கு முன்னால் இறக்குங்கள், கொதித்தால் திரிந்து எண்ணெய் வேறாக நிற்கும். தேங்காய் கீழ்நாட்டிலிருந்து மலைக்கு ஏறி வருகிற சாமான், விலையைப் பார்த்தால் பாலைக் குறைக்கத்தான் தோன்றும். அப்படியென்றால் ஒரு மேசைக்கரண்டி அரிசியையும் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூவையும் கருஞ்சிவப்பாக வறுத்து அரைத்துப் போடுங்கள், பாலில்லாமலே குழம்பு கெட்டியாகவும் வாசமாகவும் வரும். எங்கள் வீட்டில் குளிர் கூடிய மாதங்களில் இதுதான்.

குளிர் என்றதும் ஒன்று. மாட்டுக் கொழுப்பு 40 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும், இரவு எட்டு மணிக்கு நுவரெலியாவில் ஒரு குளிர்ந்த பீங்கானில் குழம்பை ஊற்றினால் நாலு வாய்க்குள் வெள்ளையாகப் படர்ந்து உதட்டிலும் அண்ணத்திலும் ஒட்டும். பிள்ளைகள் துப்புவது பாதி இறுக்கத்தால் என்றால் பாதி இதனால். இறக்கிப் பத்து நிமிடம் விட்டு மேலே மிதக்கிற கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுங்கள், பீங்கான்களைச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்து வையுங்கள். சட்டியைத் தணலிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறுங்கள். மாமிக்கு நல்லி எலும்பு மச்சையும் கால் சதையும் கொடுங்கள், சோற்றோடு பிசைந்தால் மெல்லவே தேவையில்லை. மற்றவர்களுக்குத் தேங்காய் ரொட்டி நன்றாக இருக்கும், கொஞ்சம் தடிப்பாகச் சுட்டால் குழம்பை உறிஞ்சிக்கொள்ளும். பக்கத்தில் பருப்பும் ஒரு கீரைச் சுண்டலும் போதும், வேறு உறைப்பான கறி வைக்காதீர்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகள் மலைநாட்டில் நிறைய உண்டு, அவர்களும் இதை வாசிப்பார்கள். முற்றிய ஆட்டுக்கும் இதே முறைதான், நேரம் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு.

முடிந்தால் சனிக்கிழமை இரவே சமைத்துவிடுங்கள். ஆறும்போது இறைச்சி தான் விட்ட சாற்றில் கொஞ்சத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், ஜெலட்டின் இறுகி, மசாலாவும் உள்ளே இறங்கியிருக்கும். அப்படிச் செய்வதாக இருந்தால் முதல் பால் விடுவதற்கு முன்னால் நிறுத்தி, கிழங்கும் போடாமல், இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிடவேண்டும். ஊர் குளிர்தானே என்று குசினியில் இரவு முழுக்க விடக்கூடாது, அடுப்படி நாம் நினைக்கிற அளவுக்குக் குளிராது. மறுநாள் மேலே உறைந்த கொழுப்பைத் தகடாகத் தூக்கி எடுத்துவிட்டு, அரைக் கோப்பை சுடுதண்ணீர் விட்டுச் சிறுதீயில் நன்றாகக் கொதிக்கும்வரை சூடாக்கி, கிழங்கைச் சேர்த்து வேகவிட்டு, பிறகு பால் விடுங்கள். மிஞ்சினால் திங்கட்கிழமைக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், முழுச் சட்டியையும் திரும்பத் திரும்ப அடுப்பில் ஏற்றவேண்டாம்.